போணி ஆன பிறகு கேளுங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்த ஊர்களுக்கு, நாமக்கல்லில் நாங்கள் சிலர் ஒரு லாரி நிறையச் சாப்பாட்டுச் சாமான் திரட்டினோம். அன்றிலிருந்து எங்கே வெள்ளம், புயல் என்றாலும் கடை கடையாக ஏறுவது என் வேலையாகிவிட்டது.

போணி ஆகும் முன் எந்தக் கடைப் படியும் ஏறாதீர்கள். விளக்கு வைக்கும் நேரமும் ஆகாது. அந்நேரத்தில் உப்பை வெளியே கொடுக்க மனம் வராதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சேலம் லீ பஜாரில் காலை லோடு இறங்கி, முதலாளி டீ குடிக்க உட்காரும் நேரம்தான் தோது. "ஏதாவது குடுங்கண்ணே" என்றால் நூறு ரூபாய்த் தாள் வரும். "இருநூறு பேருக்கு ரெண்டு நாள் சமையலுங்க, நாப்பது கிலோ துவரம்பருப்பு மட்டும் உங்க பங்கு" என்றால் ஆளைக் கூப்பிட்டு மூட்டையைத் தூக்கச் சொல்வார். விற்கிற சரக்கைக் கொடுக்க வியாபாரிக்குத் தாராளக் கை. கல்லாவைத் திறக்கத்தான் யோசனை.

முட்டை எங்கள் ஊரில் கேட்காமலே வரும். பெட்டிக்கு 7 அட்டை, 210 முட்டை. அவித்தே கொண்டுபோகலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், விட்டுவிடுங்கள். அவித்தது வெளியில் சில மணி நேரம்தான் தாங்கும், பச்சை முட்டை நாள்கணக்கில் இருக்கும். ஆனால் அடுப்பே நனைந்துபோன வீட்டுக்குப் பச்சை முட்டை எதற்கு? பொதுச் சமையல் நடக்கிற பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ பார்த்து, சிலிண்டர் இருக்கிறதா என்று முந்தின நாளே போனில் கேட்டுக்கொண்டு, அங்கே இறக்குங்கள்.

ஓட்டல்காரர்கள் பொட்டலம் கட்டித் தருவார்கள். சூட்டோடு கட்டிய எலுமிச்சைச் சோறு திருச்சி, தஞ்சாவூர் தாண்டி மன்னார்குடி சேர்வதற்குள் வேர்த்து ஊசிப்போகும். ஆறவைத்துக் கட்டிய புளிச்சோறு ஒரு நாள் தாங்கும். என்னைக் கேட்டால், பொட்டலத்துக்குப் பதில் ஒரு மாஸ்டரையும் ரெண்டு அண்டாவையும் அனுப்பச் சொல்வேன்.

தண்ணீரில் ஒரு சங்கதி. 20 லிட்டர் கேன் தருகிறவர் தண்ணீரைத்தான் தானமாகத் தருகிறார், கேனை அல்ல. காலிக் கேன் அதே லாரியில் திரும்பி வர வேண்டும். கலர் சோடா தருகிறேன் என்பவரிடம் நயமாகப் பேசி, மருந்துக்கடையில் ஓஆர்எஸ் பாக்கெட்டாக வாங்கித் தரச் சொல்லலாம்.

லாரி வாடகை இல்லாமலே கிடைக்கும். டீசல், சுங்கம், டிரைவர் பேட்டா யார் பொறுப்பு என்பதை மட்டும் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். வரி விஷயத்திலும் ஒளிவு மறைவு வேண்டாம்: இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது, பொருளாகக் கொடுத்ததற்கு நன்கொடைக்கான வருமான வரி விலக்கும் கிடையாது. இதைக் கேட்டுப் பின்வாங்கியவரை நான் பார்த்ததில்லை. லாரியில் ஃபிளெக்ஸ் கட்டக் கேட்பார்கள், கட்டட்டும். சோற்றுப் பொட்டலத்தின் மேல் பெயர் ஒட்டுவதற்கு மட்டும் நான் சம்மதிப்பதில்லை.

திரும்பியதும் கொடுத்தவர்களிடம் போய், எது எந்த ஊரில் இறங்கியது, எது வீணானது என்று சொல்லுங்கள். நன்றிக் கடிதத்தைவிட அவர்கள் எதிர்பார்ப்பது இதைத்தான். பரமத்திவேலூர்ப் பக்கத்து வெல்ல மண்டிக்காரர் ஒருவரிடம், சாக்கில் ஈரம் ஏறி வெல்லம் கசிந்ததைச் சொல்லியிருந்தோம். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்தின்போது நாங்கள் கேட்கும் முன்பே அவர் போன் வந்தது: "பிளாஸ்டிக் உள்பை போட்டுக் கட்டி வெச்சிருக்கேனுங்க, வண்டி எப்ப வருது?"