கடற்கரைப் படம் விற்கிறோம், கூலி எங்கே?



மாமல்லபுரம் பக்கம் சுற்றுலா வருபவர்கள் சங்கு, பாசிமணி மட்டும் வாங்குவதில்லை. கடல், படகு, வலை இவற்றின் படம் கண்ணாடிச் சட்டத்தோடு கிடைத்தால் வீட்டுச் சுவரில் மாட்ட வாங்கிப் போகிறார்கள். இந்தத் தொழிலை எடுத்த ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். "மேடம், படம் எல்லாம் வித்துப் போச்சு. ஆனா கையில ஒண்ணும் நிக்கலையே" என்றார் ஒரு அக்கா. ஏன் நிற்கவில்லை? இந்த மாதப் பாடம் அதுதான்.

1. படம் நம்முடையதாக இருக்கட்டும்

இணையத்தில் கிடைத்த படத்தைப் பிரிண்ட் போட்டு விற்கக் கூடாது. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி அதன் உரிமை வேறொருவருக்கு இருக்கும். நாமே எடுப்போம். நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. விடியற்காலை மஞ்சள் வெயிலில் படகும் வலையும் அழகாக விழும். உச்சி வெயிலில் படம் வெளுத்துவிடும். வலை பின்னும் அண்ணன், மீன்கூடை தூக்கும் அக்கா முகம் தெரிந்தால், "விற்கப் போகிறோம்" என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள். நம் படத்தை யாராவது கேட்காமல் விற்றால் நமக்கு எப்படி இருக்கும்?

2. பிரிண்ட் தெளிவாக வர

8 அங்குலம் அகலம், 12 அங்குலம் உயரம் உள்ள நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 2400 × 3600, அதாவது சுமார் 86 லட்சம் புள்ளிகள் வேண்டும். 12 மெகாபிக்சல் போன் கேமராவே போதும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஸ்டுடியோவுக்கு 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

3. உப்புக் காற்றைத் தாங்க

கண்ணாடி படத்தில் ஒட்டினால் ஈரம் பட்டுப் படம் பிடித்துக்கொள்ளும். இடையில் மவுண்ட் அட்டை வைத்தால் இடைவெளி கிடைக்கும். இரும்பு ஆணி, கொக்கி சீக்கிரம் துருப்பிடிக்கும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் மங்கும் என்று வாங்குபவரிடம் சொல்லிக் கொடுங்கள்.

4. கணக்கு

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். ஊருக்கு ஊர் விலை மாறும். இது பழகுவதற்கான கணக்கு:

பிரிண்ட் – ரூ.80
சட்டம், கண்ணாடி, அட்டை – ரூ.230
பேக்கிங் – ரூ.20
பஸ் செலவில் பங்கு – ரூ.20
மொத்தம் – ரூ.350

குழு விற்றது ரூ.400-க்கு. "50 ரூபாய் லாபம்" என்று நோட்டில் எழுதினார்கள். ஆனால் ஒரு படத்துக்கு ஒன்றரை மணி நேர வேலை. மணிக்கு ரூ.60 கூலி என்றால் ரூ.90. அடக்கம் ரூ.440! அப்படியானால் படத்துக்கு ரூ.40 நட்டம். அந்த நட்டத்தை நம் உழைப்பால் மூடிவிட்டோம், அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. "வீட்டு வேலை முடிச்சிட்டு சும்மா இருக்கிற நேரத்துல செய்யறதுதானே" என்று சொல்லாதீர்கள். சும்மா இருக்கிற நேரம் நமக்கு ஏது?

ரூ.500 வைத்தால் கூலியும் போய் குழுவுக்கு ரூ.60 நிற்கும். கடைக்காரர் 20 சதவீதம் கமிஷன் கேட்டால் 100 ரூபாய் போய் மறுபடி ரூ.400-தான் வரும். அப்போது கடை விலை ரூ.625 ஆக இருக்க வேண்டும். இதைக் கடன் வாங்கும் முன்பே போட்டுப் பாருங்கள். தவணை கட்டும் நாளில் போட்டுப் பயனில்லை.

குழுக் கூட்டத்தில் பேச:

அ) நம் குழுவின் பொருள் ஒன்றை எடுத்து, கூலியைச் சேர்த்து அடக்க விலை எழுதுங்கள்.
ஆ) வேலை செய்த நேரத்தை யார் குறித்து வைப்பது? தீர்மான நோட்டில் பதியுங்கள்.

சுவரில் மாட்டும் படத்துக்கு விலை உண்டு. அதைச் செய்த கைக்கும் விலை உண்டு, தோழிகளே!

– கள ஒருங்கிணைப்பாளர்