சீல் மாற்றுவதற்கு முன்

அன்புள்ள தம்பி,

போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகும் ஜீப்புகள்தான் இனி உன் கைக்கு அதிகம் வரும் என்று கேள்விப்பட்டேன். சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால், பார்த்ததும் "ஆயில் சீல் போச்சுண்ணே" என்று சொல்லிவிடாதே. விரலில் தொட்டு மோந்து பார். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும். கந்தக வாடை அடிக்கும். பிரேக் ஆயில் நீர்த்திருக்கும். தண்ணீர் விட்டால் கரைந்து போகும். அதுதான் என்றால் கோளாறு வீல் சிலிண்டரில். சீல் மாற்றிப் பயனில்லை.

கியர் ஆயில்தான் என்று உறுதியானால், சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய சீலும் நிற்காது. அடுத்து ஆக்சில் ஹவுசிங்கின் மேல் இருக்கும் காற்றுப்போக்கி, அதாவது பிரீதரைப் பார். சேறு அடைத்துவிட்டால், மேடேறிச் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். அதே சூட்டோடு ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை இழுக்கும். வடித்த எண்ணெய் பால் காபி நிறத்தில் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. பெரும்பாலோர் பிரீதரைத் தொடுவதே இல்லை. அதே வண்டி அதே புகாரோடு திரும்பி வருவது அதனால்தான்.

பழைய சீலை உடனே தூக்கிப் போடாதே. எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது, எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று குறித்துக்கொள். அதன் முகத்தில் பெரும்பாலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் பொறித்திருக்கும். புதியது அதே அளவா என்று பார். பிறகு சீலின் உதடு ஓடும் பாதையில் நகத்தை ஓட்டு. நகம் பள்ளத்தில் மாட்டினால் புது சீலும் ஒழுகத்தான் செய்யும். மெல்லிய ஸ்லீவ் ஏற்று, இல்லையென்றால் அந்த உறுப்பையே மாற்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்கும் வேலை வேண்டாம்.

ஸ்பிரிங் உள்ள உதடு எண்ணெய்ப் பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவி, வெளிவிளிம்பு முழுவதும் படுகிற குழாய்த் துண்டை வைத்து நேராக இறக்கு. ஓரத்தில் சுத்தியலால் தட்டினால் சாய்ந்துவிடும். டேப்பர் பேரிங் ஹப்பென்றால் நட்டின் இறுக்கத்தை அந்த வண்டியின் மேனுவல் பார்த்து வை. கைக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

எண்ணெய் குடித்த பிரேக் லைனிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தித் திரும்பப் போடும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. நீ செய்யாதே. ஓனர் முறைத்தாலும் இரண்டு பக்கமும் புது லைனிங் கேள். பத்துப் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிற வண்டி அது. பணம் தர மறுத்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல், ஓட்டிக்கொண்டு போக விடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்