ஹீமோஃபிலியா நர்ஸாக விரும்பினால் எங்கே சேரலாம்?

ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் மருந்தைக் கரைத்து, வெயின் பார்த்து, மெதுவாக ஏற்றுவதை எந்த ஸ்டாஃப் நர்ஸும் சீக்கிரமே பழகிவிடலாம். அதற்காக மட்டும் எந்த மருத்துவமனையும் தனியாக ஒரு நர்ஸை வைத்துக்கொள்ளாது. இந்தப் பையனுக்கு இடது கணுக்காலில்தான் திரும்பத் திரும்ப ரத்தம் இறங்குகிறது, போன முறை கொடுத்த டோஸுக்கு வீக்கம் வழக்கம்போல் வடியவில்லை, ஃபேக்டரை முறிக்கும் இன்ஹிபிட்டர் உருவாகிவிட்டதா என்று டெஸ்ட் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று யாராவது ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். டாக்டர்கள் மாறுவார்கள், முதுநிலை மாணவர்கள் மூன்று ஆண்டில் போய்விடுவார்கள். ஆகவே எங்கே சேர்வது என்று கேட்பவர்களிடம், சம்பளத்துக்கு முன்னால் ஒன்றை விசாரிக்கச் சொல்வேன்: அந்த இடத்தில் ஒரே நோயாளியை ஐந்து, பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க விடுவார்களா?

கை தேர்வதற்கு, தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஈடு கிடையாது. விலை கூடிய ஃபேக்டர் அங்கே இலவசம் என்பதால் எல்லா வகை நோயாளிகளும் அங்கேதான் வருகிறார்கள். காலையில் முழங்கால் வீங்கிய பள்ளிப் பையன், மதியம் பல் பிடுங்க வந்தவர், இரவில் பைக்கிலிருந்து விழுந்தவர். டோஸ் கணக்கு தானாக வாயில் வந்துவிடும். எட்டாம் ஃபேக்டரைக் கிலோவுக்கு 1 யூனிட் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 சதவீதம் ஏறும். ஒன்பதாம் ஃபேக்டரில் சுமார் 1 சதவீதம்தான். 20 கிலோ பையனுக்கு எட்டாம் ஃபேக்டர் 40 சதவீதம் ஏற வேண்டுமென்றால் 400 யூனிட். ஆனால் குப்பி 250, 500 என்று வருகிறது. மிச்சத்தைக் கொட்டுவதா, 500ஐயும் ஏற்றிவிடுவதா? இவ்வளவு விலையுள்ள மருந்தைக் கொட்ட மனம் வராது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முழுக் குப்பியையும் ஏற்றுவதுதான் வழக்கம்.

கேஷுவாலிட்டியில் குரல் கொடுக்கவும் அங்கேதான் பழகுவீர்கள். தலையில் அடி என்றால் முதலில் ஃபேக்டர், அப்புறம்தான் சிடி ஸ்கேன். வலிக்கு இடுப்பில் டைக்ளோஃபெனாக் ஊசி எழுதும் புது டாக்டரிடம், "சார், இவருக்குத் தசையில் ஊசி போடக்கூடாது" என்று இரவு இரண்டு மணிக்குச் சொல்லத் தைரியம் வேண்டும். அது வகுப்பில் வருவதில்லை.

குறை என்னவென்றால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் உங்களை ஸ்டாஃப் நர்ஸாகத்தான் எடுக்கிறது, ஹீமோஃபிலியா நர்ஸாக அல்ல. நோயாளிகளின் பெயரும் மூட்டும் மனப்பாடமாகும் நேரத்தில் வார்டு மாற்றமோ ஊர் மாற்றமோ வரும். ஸ்டாக் தீர்ந்துபோன நாளில் நோயாளியிடம் பதில் சொல்வதும் நீங்கள்தான். இருந்தாலும் முதல் சில ஆண்டுகளுக்கு என் ஓட்டு இதற்கே.

வேலூர் சிஎம்சி போன்ற இடம் வேறு ரகம். ரத்தவியல் துறை, தேர்ந்த லேப், பிசியோதெரபி, மூட்டு அறுவை சிகிச்சை எல்லாம் ஒரே வளாகத்தில். எட்டாம் ஃபேக்டர் குறைபாட்டுக்கு அங்கே நடந்த ஜீன் சிகிச்சையில் ஐந்து பேரின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. ஏன், எப்படி என்று கேட்கும் புத்தி உள்ளவருக்கு அது நல்ல இடம். நோயாளிகளில் பலர் வங்காளம், ஜார்க்கண்ட் என்று தூரத்திலிருந்து வருபவர்கள். கொஞ்சம் இந்தி வேண்டும். ஊருக்குப் போனபின் அவர்களோடு உறவு போனில்தான். கார்ப்பரேட் மருத்துவமனைகளின் ரத்தவியல் வார்டில் பெரும்பாலும் ரத்தப் புற்றுநோயும் எலும்பு மஜ்ஜை மாற்றும்தான். ஹீமோஃபிலியாவை மட்டும் நம்பி அங்கே போகாதீர்கள்.

நோயாளிகள் தாங்களே நடத்தும் சங்கங்கள் பலர் கண்ணில் படுவதில்லை. 1983-ல் தொடங்கிய இந்திய ஹீமோஃபிலியா கூட்டமைப்புக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு. நர்ஸை வைத்துக்கொள்ளும் கிளையானால் உங்கள் வேலை முகாம், வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, பையனுக்குத் தானே ஊசி போடக் கற்றுத்தருவது, பள்ளி ஆசிரியரிடம் பேசுவது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோஃபிலியாவும் இருப்பதால் சான்றிதழுக்கு அலைவதும் உங்கள் தலையில் விழும். நைட் டியூட்டி இல்லை, சம்பளமும் பெரிதாக இல்லை. நான் முதலில் கேட்கச் சொன்ன கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் அநேகமாக இங்கேதான் கிடைக்கும். மருத்துவமனை அனுபவம் இல்லாமல் நேராக இங்கே வருவதை மட்டும் ஊக்குவிக்க மாட்டேன்.

பிரிட்டனில்தான் இந்த வேலைக்கென்று தனிப் பதவியும் படிநிலையும் நன்றாக அமைந்திருக்கின்றன. அங்கே ஃபேக்டர் வீட்டுக்கே போகிறது. போட்ட ஊசியை நோயாளி 'ஹீம்ட்ராக்' செயலியில் பதிகிறார். நர்ஸ் அதைப் பார்த்து, விட்டுப்போன டோஸைப் பற்றிப் போன் செய்கிறார். ஆனால் சென்னையிலிருந்து நேராக அந்த நாற்காலிக்குப் போக முடியாது. ஓஇடி அல்லது ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, பிறகு அங்கே போய் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. அதன்பின் பெரும்பாலும் பேண்ட் 5 சம்பளப் படிநிலையில் ஏதாவது ஒரு வார்டு. பேண்ட் 6 ஹீமோஃபிலியா பதவி காலியாகும்வரை காத்திருக்க வேண்டும்.

அங்கே பெரியவர்கள் பிரிவில் சேர்பவர் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1970களிலும் 80களிலும் ஏற்றிய ஃபேக்டர் மருந்து வழியாக அந்நாட்டு ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு எச்ஐவியும் ஹெபடைட்டிஸ் சியும் பரவின. 2024 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை, ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களையும் சேர்த்து 30,000-க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறது. தப்பிப் பிழைத்த ஒருவர், நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு ரத்த மாதிரியும் எதற்கு என்று துருவிக் கேட்பார். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்பவருக்கு அந்த வேலை சரிப்படாது.

குழந்தைகள் பிரிவா, பெரியவர்கள் பிரிவா என்பது பெரும்பாலும் குணத்தைப் பொறுத்தது. குழந்தைகளிடம் வெயினும் அம்மாவின் பயமும். பெரியவர்களிடம் தேய்ந்த மூட்டும், வேலையில் மறைத்து வைத்த நோயும், கல்யாணப் பேச்சும். பெண்களைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. மாதவிடாயில் அளவுக்கு மீறி ரத்தம் போகும் பெண்ணுக்கு வான் வில்லிபிராண்ட் நோய் இருக்கலாம். பிறவி ரத்தப்போக்கு நோய்களில் அதுவே அதிகம் காணப்படுவது. இதில் ஆர்வம் இருந்தால், மகப்பேறு டாக்டரோடு சேர்ந்து ஓபி நடத்தும் மையமா என்று விசாரியுங்கள்.

எமிசிசுமாப் என்ற மருந்து வந்தபின் இந்த வேலையின் கணக்கே கொஞ்சம் மாறியிருக்கிறது. எட்டாம் ஃபேக்டர் குறைபாட்டுக்கான அந்த மருந்தைத் தோலுக்கடியில் வாரம் ஒரு முறையோ, இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறையோ போட்டால் போதும். வெயின் பிடிக்கும் திறமையை மட்டும் நம்பியவருக்கு இனி வேலை குறையும். ஆனால் இந்த மருந்தில் இருப்பவருக்கு ஏபிடிடி டெஸ்ட் இயல்பாக வந்து ஏமாற்றும். இன்ஹிபிட்டர் உள்ளவருக்கு ரத்தப்போக்கின்போது ஏபிசிசி மருந்தை அதிக அளவில் சேர்த்துக் கொடுத்தால் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதைத் தெரிந்த ஒருவர் கேஷுவாலிட்டிக்குப் போன் செய்து சொல்ல வேண்டியிருக்கிறது.

நேர்காணலுக்குப் போகும்போது, நான் முதலில் சொன்ன கேள்வியையே வேறு விதமாகக் கேளுங்கள்: ஞாயிறு இரவு ஒரு தாய் போன் செய்தால் இங்கே யார் எடுப்பார்கள்? "டியூட்டி டாக்டர்" என்று பதில் வந்தால் நீங்கள் அங்கே ஊசி மட்டும் போடுவீர்கள். ஒரு சிஸ்டரின் பெயரைச் சொன்னால், சேர்வதற்கு முன் ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.