லைன்ல நின்னது நடைக் கணக்குல சேராது, தங்கச்சி!

"எட்டு மணி நேரம் லைன்ல நின்னாச்சு, இதுக்கு மேல எக்சர்சைஸ் எதுக்குக்கா?"ன்னு ஒரகடம் ஃபேக்டரிங்கள்ல எந்தப் பொண்ணைக் கேட்டாலும் சொல்றா. நிக்கறது வேற, நடக்கறது வேற. நின்னா ரத்தம் கால்ல தேங்கும். ஷிஃப்ட் முடிஞ்சு சாக்ஸைக் கழட்டினா கணுக்கால்ல வரி வரியா பதிஞ்சிருக்குமே, அது அதனாலதான். இதயத் துடிப்பு பெருசா ஏறாது.

கொஞ்சம் மூச்சு வாங்க நடந்து பாரு. அட்ரினலின் சுரக்கும். ரத்தக்குழாய்ச் சுவர்ல ஒட்டிக்கிட்டிருந்த நேச்சுரல் கில்லர் செல்கள், ஒரு வகை டி செல்கள்னு நோய் எதிர்ப்பு செல்கள் எல்லாம் சில நிமிஷத்துல ரத்தத்துல இறங்கிடும். கடுமையான பயிற்சின்னா, நிறுத்தின ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல அதுங்க எண்ணிக்கை பழைய அளவுக்கும் கீழ போகும். இதைப் பார்த்துட்டு எதிர்ப்பு சக்தி குறையுதுன்னு ரொம்ப வருஷம் பயமுறுத்தினாங்க. 2018-ல இங்கிலாந்து பாத் பல்கலைக்கழகத்து ஜான் கேம்பெல்லும் ஜேம்ஸ் டர்னரும் அதை மறுத்து எழுதினாங்க. செல்லுங்க காணாமப் போகல, நுரையீரல், குடல்னு கிருமி நுழையற இடங்களுக்குப் போயிருக்குன்னாங்க.

இந்த செல்லுங்களுக்கும் தீனி வேணும். சும்மா இருக்கறப்ப, செல்லுக்குள்ள இருக்கற மைட்டோகாண்ட்ரியாவுல ஆக்சிஜனை வெச்சு நிதானமா எரிச்சுக்கும். கிருமி வந்துட்டா, அவசர ஆர்டர் விழுந்த லைன் மாதிரி, சர்க்கரையை மடமடன்னு எரிச்சுப் பெருகும். வேலை முடிஞ்சதும் நினைவு செல்கள் மறுபடி கொழுப்பை எரிக்கப் போயிடும். வம்பு எங்கன்னா, தொப்பைக் கொழுப்புல சேர்ற மேக்ரோஃபேஜ்ங்கற எதிர்ப்பு செல்கள் கிருமியே இல்லாம அழற்சியைக் கிளப்பிக்கிட்டே இருக்கும். தினமும் நடந்தா தசை ரத்தச் சர்க்கரையை இழுத்துக்கும், அந்தக் கொழுப்பும் குறையும்.

இது வெளிநாட்டுக் கதை மட்டும் இல்ல. சர்க்கரை நோயோட விளிம்புல இருந்த 531 பேரை வெச்சு சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செஞ்ச ஆய்வு 2006-ல வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பை 28.5 சதவீதம் குறைச்சுது. சர்க்கரை நோய் இருந்தா காசநோய் வர்ற ஆபத்து ரெண்டு மூணு மடங்கு. ஒரே ரூம்ல ஆறு பேர் படுக்கற நமக்கு இது சின்ன விஷயமா?

வாரத்துக்கு 150 நிமிஷம் போதும்ங்குது உலக சுகாதார நிறுவனம். பத்துப் பத்து நிமிஷமாப் பிரிச்சுக்கோ. பேச முடியணும், பாட முடியக் கூடாது, அதான் வேகத்துக்கு அளவு. வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டு ஓரமா மட்டும் நடக்காதே. கன்டெய்னர் லாரி ஒண்ணு போனாலே புடவைத் தலைப்பு பறக்கும், அந்தப் புகையை வேற இழுத்து இழுத்து மூச்சு வாங்கணும். ஹாஸ்டல் காம்பவுண்டு, மொட்டை மாடி, படிக்கட்டு போதும். 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்கற மாதிரி சிப்காட் விடுதி திறந்தாங்களே, அங்க இருக்கறவங்களுக்குப் படிக்கு என்ன பஞ்சம்? லிஃப்டுக்கு நிக்கற நேரத்துல நாலு மாடி ஏறிடலாம். சேஃப்டி ஷூவைக் கழட்டி வெச்சுட்டு ஏறு. இரும்பு முனை போட்ட ஷூ நடைக்கு ஆகாது, சாதா கேன்வாஸ் போதும்.

நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்ததும் நடக்கக் கிளம்பாதே, மொதல்ல தூங்கு. 2015-ல அமெரிக்காவுல 164 பேர் மூக்குல சளி வைரஸை விட்டுப் பார்த்தாங்க. ஆறு மணி நேரத்துக்குக் கீழ தூங்கினவங்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல தூங்கினவங்களை விட நாலு மடங்கு அதிகமா சளி பிடிச்சுது. சாயந்திரம் எழுந்து முகம் கழுவி, பஸ் வர்றதுக்கு முன்னாடி நடந்துக்கோ. ஓ.டி. பார்த்த நாள்ல விட்டுடு, ஒண்ணும் குடி முழுகிடாது.

ரெண்டு மாடி ஏறினாலே நெஞ்சு படபடக்குதா? சோம்பேறின்னு உன்னையே திட்டிக்காதே, ஹீமோகுளோபின் பாரு. தமிழ்நாட்டுல 15-லருந்து 49 வயசுப் பொண்ணுங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது. இரும்புச்சத்து இல்லேன்னா மைட்டோகாண்ட்ரியாவும் சரியா வேலை செய்யாது, அப்புறம் எவ்வளவு நடந்து என்ன? ஈ.எஸ்.ஐ. கார்டை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. இரும்பு மாத்திரை கொடுத்தா டீயோட சேர்த்துப் போடாதே.

வெறும் மூக்கொழுகல்னா மெதுவா நடக்கலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச்சளின்னா படுத்துக்கோ. இருமல் ரெண்டு வாரம் தாண்டினா மெடிக்கல் ஷாப்ல சிரப் வாங்கி ஓட்டாம ஆரம்ப சுகாதார நிலையத்துல காசநோயான்னு சளி டெஸ்ட் எடு. காசு கிடையாது. ரூம்ல இருக்கற மத்த அஞ்சு பேர்கிட்டயும் சொல்லிட்டுப் போ.