பழைய மோட்டார்ப் பொறியைப் புதுக்குதல்

(பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர், சாகாமம்)

மலர்க் குழுவினர் என்னிடம் வேண்டியது இலக்கியக் கட்டுரை ஒன்றே. ஆயினும், சென்ற சில ஆண்டுகளில் நான் ஊன்றிக் கற்ற பாடம் ஏட்டில் உள்ளதன்று. சாகாமத்திலே எம் வீட்டுப் பின்வளவில், தென்னோலைக் கொட்டிலின் கீழே, எண்ணெய் படிந்த சாக்கின்மீது குந்தியிருந்து கற்றது. அதனையே பழைய மாணவர்க்கும் பயிலும் மாணவர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றேன். தமிழாசிரியனுக்கு மோட்டார் வண்டியோடு என்ன உறவு என்று வினவுவோர்க்கு ஒரு சொல். தமிழிலே ‘பொறி’ என்பது இயந்திரத்தையும் குறிக்கும், தீப்பொறியையும் குறிக்கும். தீப்பொறியால் இயங்கும் இயந்திரத்துக்கு இதனினும் பொருத்தமான பெயர் பிறிதொன்று உண்டோ?

வண்டியின் வரலாறு

அவ்வண்டி 1959ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர். என் தாய்மாமனார், அவரும் ஓர் ஆசிரியர், அதனை வாங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினார். சாகாமத்திலிருந்து பரீட்சை நிலையத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வண்டி அது. அப்பிள்ளைகளுள் நானும் ஒருவன். இரவு வேளையிற் பேறுகாலப் பெண்களை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும் அதுவே. 2001ஆம் ஆண்டில் மாமனார் மறைந்தபின், அது மாமரத்தின் கீழே நின்றவாறே நின்றுவிட்டது. கச்சானும் வாடையும் மாறி மாறி வீச, கடலோரத்து உப்பு ஈரம் அதனைச் சிறுகச் சிறுக உண்டது.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022ஆம் ஆண்டிலே எரிபொருளுக்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திரார். அக்காலத்திற் பழைய இரும்பு வாங்குவோர் ஒருவர் வந்து, வண்டியை நிறுத்துக் கொள்வதாகச் சொன்னார். மாமி வறுமையுற்றவரல்லர்; எனினும், “பாம்பு குடியிருக்கும் இரும்பு நமக்கு எதற்குத் தம்பி?” என்றார். நான் ஓர் ஆண்டு தவணை கேட்டேன். அதற்குள் வண்டி தானாக நகராவிடில் நானே அதனை ஏற்றி அனுப்புவதாக வாக்களித்தேன்.

இவ்வண்டியை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பார். 1959இல் வெளிவந்த மினி வண்டியை வகுத்தவரும் இவரே. மைனர் 1948ஆம் ஆண்டில் இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டு வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. பிரித்தானிய வண்டிகளுள் பத்து இலட்சத்தைக் கடந்த முதலாவது வண்டி இதுவே. இதற்குத் தம் பெயரைத் தந்த வில்லியம் மொறிஸ், 1893ஆம் ஆண்டிலே, தமது பதினாறாவது வயதில், பெற்றோர் வீட்டின் பின்புறத்துக் கொட்டிலில் நான்கு பவுண் முதலுடன் சைக்கிள் திருத்தத் தொடங்கியவர். கொட்டிலில் வேலை செய்வதை இழிவென எண்ணும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.

1952ஆம் ஆண்டில் மொறிஸ் நிறுவனமும் ஒஸ்ரின் நிறுவனமும் ஒன்றாயின. அதன் பயனாக ஒஸ்ரினின் ‘ஏ’ வரிசைப் பொறி மைனருக்கு வந்தது. முதலில் 803 கன சென்ரிமீற்றர், 1956இல் 948, 1962இல் 1098. 1951இல் தோன்றிய இவ்வரிசை 2000ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டது. எம்முடையது 948.

தொடுமுன் பார்த்தல்

பொறிக்கலை அறிந்த துணை எனக்கு வாய்த்தது அக்கரைப்பற்றில். எழுபதைக் கடந்த முதியவர். மாமனார் காலத்தில் இவ்வண்டியைத் திருத்தியவரும் அவரே. நாங்கள் அவரைக் காக்கா என்போம். அவர் என்னை மாஸ்டர் என்பார். கண்பார்வை மங்கிவிட்டது, கையும் சற்று நடுங்கும். “மாஸ்டர், கை உங்கட, காது என்ர. பொடியனையும் கூப்பிடுங்க” என்றார். பொடியன் என்றது என் தமக்கையின் மகனை. இவ்வாறு மூவரும் தொடங்கினோம்.

முதல் நாளில் ஒரு திருகாணியையும் கழற்ற அவர் விடவில்லை. சுற்றிப் பார்த்து, எக்குழாய் எங்கே செல்கின்றது, எக்கம்பி எங்கே இணைகின்றது என்பவற்றை மருமகன் கொப்பியில் வரைந்தான். அடுத்து ஒயிற் கலத்தின் அடைப்பைத் திறந்தோம். முதலில் வந்தது நீர். பின்னரே கரிய ஒயில் வந்தது. நீர் பாரமானது, ஆதலின் அடியில் தங்கும் என்பதைச் சிறுவகுப்பு மாணவரும் அறிவர்.

பொறி இறுகியிருந்தது. முன்புறத் துளையிற் கைப்பிடியை இட்டு வலிந்து திருப்புவது பெரும் பிழை. இறுகிய வளையங்கள் முறியும். பிளக்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து நான்கு உருளைகளிலும் வார்த்தோம். ஏழு நாள் காத்திருந்தோம். எட்டாம் நாள் மெல்ல அசைத்தபோது விரற்கடை அளவு நகர்ந்தது.

ஏன் இரண்டு மட்டும் கறள் பிடித்தன?

தலைப்பாகத்தை ஒன்பது நட்டுகள் பிடித்து நிற்கும். அவற்றை ஒரே முறையிற் கழற்றாது, ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக நெகிழ்த்தினால் தலைப்பாகம் வளையாது. அதனை அகற்றியபோது ஒரு புதுமை கண்டோம். முதலாம் உருளையும் மூன்றாம் உருளையும் ஒரளவு தூய்மையாய் இருந்தன; இரண்டாவதும் நான்காவதும் கறள் பிடித்துக் குழி விழுந்திருந்தன. காரணம் என்னவென்று காக்கா மருமகனைக் கேட்டார். அவன் விழித்தான், நானுந்தான்.

விடை எளிது. இப்பொறியில் தீ மூளும் ஒழுங்கு 1, 3, 4, 2. முதலாம் உருளை வேலை செய்யும் நிலையில் நின்றால், அடுத்துத் தீ மூள வேண்டிய மூன்றாவது அமுக்கும் நிலையில் இருக்கும். இவ்விரண்டிலும் வால்வுகள் மூடியிருக்கும். நான்காவது கலவையை உள்வாங்கும். இரண்டாவது புகையை வெளித்தள்ளும். ஆதலின் அவ்விரண்டிலும் ஒவ்வொரு வால்வு திறந்திருக்கும். 2001ஆம் ஆண்டிற் பொறி நின்ற கணத்தில் எக்கதவுகள் திறந்து நின்றனவோ, அவ்வழியே உப்புக் காற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக உட்சென்றது. இறுதியாக அவ்வண்டியை நிறுத்திய மாமனாரின் கைவிரலை அக்கறளிலே கண்டதுபோல் இருந்தது எனக்கு.

அளவும் கணக்கும்

உருளையின் உள்ளே மேலும் கீழும் ஓடுவதை வேலைத்தலத்தார் பிஸ்டன் என்பர். நம் நாட்டு விஞ்ஞான நூல்கள் முசலம் என்னும். முசலம் என்றால் உலக்கை. உரலில் உலக்கை இயங்குவதைப் பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆயினும், உலக்கை உரலை உரசாது. முசலமோ வளையங்களால் உருளையை உரசியே ஓடும். அதனால் உருளை தேயும். மேற்பகுதியிலேயே மிகுதியாகத் தேயும். அங்கே வெப்பம் மிகுதி, ஒயில் குறைவு.

கல்முனையில் லேத் வேலை செய்யும் ஓரிடத்துக்குப் பொறிக்கட்டையைக் கொண்டு சென்றோம். நான்கு உருளைகளையும் 0.020 அங்குலம் அகலப்படுத்த வேண்டும் என்று அளந்து கூறினர். புதிய முசலங்களும் அதே அளவு பெரியனவாதல் வேண்டும். மருமகனுக்கு இது கணிதப் பாடமாயிற்று. உருளையின் விட்டம் 62.94 மில்லிமீற்றர்; முசலம் ஓடும் தூரம் 76.2. வட்டத்தின் பரப்பைத் தூரத்தாற் பெருக்கி, நான்காற் பெருக்கினால் 948 கன சென்ரிமீற்றர் வரும். விட்டத்தோடு 0.020 அங்குலத்தை, அதாவது 0.508 மில்லிமீற்றரைக் கூட்டி மீண்டும் பெருக்கினால் ஏறத்தாழ 964 வரும். “கறள் தின்றதால் பொறி பெருத்துவிட்டதே, மாமா!” என்று அவன் நகைத்தான். வகுப்பறையில் அவன் அவ்வாறு நகைத்ததை நான் கண்டதில்லை.

வால்வுகள் அமரும் இடமும் கவனத்துக்குரியது. இப்பொறி வகுக்கப்பட்ட காலத்திற் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயமே வால்வின் இருக்கையைத் தேயாது காத்தது. இலங்கையில் 2002ஆம் ஆண்டில் ஈயப் பெற்றோல் ஒழிக்கப்பட்டது. மனிதரின் உடலுக்கு அது நன்மை. பழைய வார்ப்பிரும்பு இருக்கைகளுக்கோ தீங்கு. ஆகவே புகை வெளியேறும் வால்வுகளுக்குக் கடினமான புதிய இருக்கை வளையங்களைப் பொருத்துவித்தோம்.

உதிரிப் பாகங்களுக்கு அலைவோமோ என்று அஞ்சினேன். அவ்வாறாகவில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகியிருந்த காலத்தில், பழையதைத் திருத்தி ஓட்டும் கலை இந்நாட்டில் வேரூன்றிவிட்டது. பிற்காலத்தில் மைனரின் உடற்பாகங்கள் தென்னிலங்கையிற் செய்யப்பட்டு, இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அனுப்பப்பட்டதும் உண்டு. செய்தவர் நாட்டுக்கே திருப்பி விற்ற கைத்திறன் அது.

அவசரத்தின் விலை

இனி என் பிழையைக் கூறுகின்றேன். நோன்பு மாதம் வந்தது. காக்கா சில நாள் வரவில்லை. பாகங்கள் யாவும் ஆயத்தமாய் இருந்தன. தவணைக்கோ இரண்டு மாதமே எஞ்சியிருந்தது. கொழும்பிலிருந்து வருவித்த புதிய பெயாரிங்குகளுக்குப் பெரும்போக வெள்ளாமைப் பணம் முழுவதும் போயிற்று. நானும் மருமகனும் நாமே பூட்டுவோம் எனத் துணிந்தோம்.

முசலத்தைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கோல்கள் நான்கு. ஒவ்வொரு கோலின் பெரிய முனையும் சரிவாகப் பிளக்கப்பட்டு, மூடியொன்றால் இணைக்கப்பட்டிருக்கும். நான்கையும் பூட்டி, உரிய 35 அடி-இறாத்தல் அளவுக்கு இறுக்கினோம். தண்டைத் திருப்பினால் அசையவில்லை. புதுப் பொறி, இறுக்கமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைப்பிடியை எடுத்துவரச் சொன்னேன். மருமகன் எடுத்து வரவில்லை. “மாமா, காக்கா வந்து பாக்கட்டும்” என்றான். எனக்குச் சினம் மூண்டது. எனினும் அவன் சொல்லே நின்றது.

மறுநாள் மாலை, நோன்பு திறக்குமுன், காக்கா வந்தார். பார்வையால் அன்று, கையால் ஆராய்ந்தார். நான்கு மூடிகளையும் நெகிழ்த்தச் செய்து, ஒவ்வொன்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் தண்டைத் திருப்பிப் பார்த்தார். முதலாவது இறுகியபோது தண்டு ஓடியது. நான்காவது இறுகியபோதும் ஓடியது. இரண்டாவது இறுகியதும் நின்றது. மண்ணெண்ணெய்த் துணியால் மூடியின் பக்கத்தைத் துடைக்கச் சொன்னார். பழைய ஒயிற்கீலின் கீழே 3 என்னும் இலக்கம் தெரிந்தது. இரண்டாம் கோலுக்கு மூன்றாவதின் மூடியைப் பூட்டியிருந்தோம். கோலும் அதன் மூடியும் ஒருசேரக் கடையப்பட்டவை. ஒன்றின் மூடி மற்றொன்றுக்கு, காணும்போது பொருந்தும், இயங்கும்போது பொருந்தாது. வலிந்து திருப்பியிருந்தால் புதிய பெயாரிங்குகள் அன்றே கெட்டிருக்கும்.

அவர் என்னைக் கடியவில்லை. “பொடியன் நிப்பாட்டினானே, அது போதும் மாஸ்டர்” என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேல் மாணவரின் எழுத்துப் பிழையைத் திருத்தியவன் நான். கூட்டிப் படிக்காது அவசரத்தில் எழுதியவனை எத்தனை முறை கடிந்திருப்பேன் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன்.

ஒன்பது என்னும் சூத்திரம்

எஞ்சியவை ஒழுங்காக முடிந்தன. தலைப்பாகத்தின் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சிறிது சிறிதாக, 40 அடி-இறாத்தல் வரை இறுக்கினோம். வால்வு இடைவெளி, பொறி குளிர்ந்திருக்கையில் 0.012 அங்குலம். இதற்கு மெக்கானிக்மார் கைக்கொள்ளும் சூத்திரம் ஒன்பது. முதலாம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் எட்டாவதைச் சரிபார்க்க. மூன்றாவது திறந்திருக்கையில் ஆறாவதை. ஐந்தாவது எனின் நான்காவதை. எப்போதும் இரண்டின் கூட்டு ஒன்பது. அச்சடித்த நூல் கையில் இல்லாத இடத்திலும் தலைமுறை தலைமுறையாக நினைவில் நிற்பதற்கு இவ்வாறு செய்தனர். நம் முன்னோர் சூத்திரம் யாத்ததும் இதன் பொருட்டன்றோ?

முதன்முறை இயக்குமுன், பிளக்குகளைக் கழற்றி வைத்து, கைப்பிடியாற் சுழற்றி, ஒயில் எல்லா மூட்டுக்கும் ஏறச் செய்தோம். பற்றரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைய வேண்டும். இக்கால வண்டிகளுக்கு இது நேர்மாறு. இதனை மறந்தவர் பலர் மின்பாகங்களைக் கெடுத்ததுண்டு.

தவணை முடிய ஒன்பது நாள் இருந்தது. மருமகன் விசையை இழுத்தான். இருமுறை இருமி, மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. ஒயில் விளக்கு அணைந்தது. காக்கா கண்ணை மூடிக் காதைச் சாய்த்து நெடுநேரம் நின்றார். “நாலும் பேசுது” என்றார். அவ்வளவே.

மாமி முன் ஆசனத்தில் ஏறி அமர்ந்தார். மருமகன் உடனிருக்க, குளக்கட்டு வரை சென்று திரும்பினோம். வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை. இறங்கியபின், “மழைக்கு முன்னம் ஒரு நல்ல கொட்டில் போடு தம்பி” என்று மட்டும் கூறினார்.

மாணவர்காள், இந்நாட்டிற் கெட்டதைத் திருத்தத் தெரிந்த கைகள் முதுமையுறுகின்றன. அவர்களிடம் நூல் இல்லை, சான்றிதழும் இல்லை. அவர்களின் காதும் கையும் ஓயுமுன் அருகே சென்று அமருங்கள். கொப்பியும் கொண்டு செல்லுங்கள். காக்கா சொன்னவை யாவும் இப்போது மருமகனின் கொப்பியில் உள்ளன. அக்கொப்பியின் எழுத்துப் பிழைகளை நான் இன்னும் திருத்தவில்லை. அவனே திருத்துவான் என விட்டுவைத்திருக்கின்றேன்.