ஹோஸ்மேல் பழி போடும் முன்

பைக் இன்ஜினில் ஆயில் கசிகிறது என்று வண்டியை நிறுத்தினால், ஈரமாக இருக்கும் ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்து "ஹோஸ் போயிடுச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது வழக்கமாக இருக்கிறது. புது ஹோஸ் போட்ட அடுத்த வாரம் அதே இடம் மறுபடி நனைந்திருக்கும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஹோஸின் முனை உண்மையாகவே விட்டுப்போயிருக்க, டேப்பட் கவர் கேஸ்கட், சிலிண்டர் பேஸ் கேஸ்கட் என்று இன்ஜினைப் பிரித்து மாற்றிக்கொண்டே போவார்கள். இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான்: ஆயில் தெரிகிற இடத்தை ஆயில் வெளியேறுகிற இடமாக எடுத்துக்கொள்வது. ஹோஸை மாற்றுவது சாதாரண வேலை. ஹோஸ்தான் குற்றவாளி என்று உறுதி செய்வதில்தான் முக்கால் பங்கு உழைப்பு இருக்கிறது என்பது என் கருத்து. அந்த முக்கால் பங்கைத்தான் நாம் தாண்டிக் குதிக்கிறோம்.

ஆயில் கூலர் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். பல்சர் 220, 2016-இல் வந்த 411 சிசி ஹிமாலயன், 2018-இல் வந்த இன்டர்செப்டர் 650 ஆகியவற்றில் இன்ஜினுக்கு முன்னால், பிரேமில் ஒரு சிறு கூலர் இருக்கும். சூடான ஆயில் ஒரு ஹோஸ் வழியாகப் போய், ஆறி, இன்னொன்றின் வழியாகத் திரும்பும். அந்த ஹோஸ்கள் இருக்கும் இடம்தான் சிக்கல். மேலே டேப்பட் கவர். அங்கே கேஸ்கட் வியர்த்தால் ஆயில் சிலிண்டரின் துடுப்புகள் வழியே இறங்கி, ஹோஸைப் பிடித்துக்கொண்டு அதன் தாழ்ந்த முனையில் வந்து சொட்டும். ஓட்டு வீட்டில் உடைந்த ஓடு ஓரிடம், சொட்டுகிற மூலை வேறிடம் என்பது போலத்தான் இதுவும். ஆனால் வண்டி ஓடும்போது காற்றும் சேர்ந்துகொள்கிறது. முன்னால் கசிந்த ஆயிலைப் பின்னால் தள்ளும், சில சமயம் மேலே கூட ஏற்றும். ஆகவே நின்ற வண்டியில் மிக உயரமான ஈரத்தையும், ஓடி வந்த வண்டியில் மிக முன்னால் இருக்கும் ஈரத்தையும் தேட வேண்டும். கீழே தரையில் இருக்கும் சொட்டு, கசிவு இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. எங்கே என்பதற்கு அல்ல.

அது இன்ஜின் ஆயில்தானா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. முன் ஸ்ப்ராக்கெட் கவருக்கு அடியில் தெறித்திருக்கும் கறுப்புப் பிசுக்கு பெரும்பாலும் செயின் லூப். முன்பக்க ஃபோர்க் சீல் விட்டாலும் ஆயில் பின்னால் பறந்து இன்ஜின்மேல் படியும். பெட்ரோல் என்றால் வாடையே சொல்லும், தாளில் வைத்தால் காய்ந்தும் போகும். பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டை எடுத்து, டிப் ஸ்டிக்கில் எடுத்த சொட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதன்பின் இன்ஜினைக் கழுவ வேண்டும். அழுக்கு இன்ஜினில் கசிவு தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய பிசுக்கும் புதிய கசிவும் ஒன்றாகவே மினுங்கும். ஆறிய இன்ஜினை டீசலோ டிகிரீசரோ போட்டுப் பிரஷால் தேய்த்து, ஒயர் இணைப்புகளில் தண்ணீர் போகாமல் கழுவி, முழுதாகக் காய விட வேண்டும். ஹோஸின் முனைகள், அவற்றுக்கு மேலே இருக்கும் கேஸ்கட் ஓரம், கூலரின் மூட்டுகள் எல்லாவற்றிலும் டால்கம் பவுடர் தூவி, வண்டியை நேராக நிறுத்தி ஐடிலில் ஓட விடுங்கள். ஆயில் வரும் இடத்தில் பவுடர் முதலில் கறுக்கும். காற்றின் குறுக்கீடு இல்லாததால் இந்தச் சாட்சியை நம்பலாம். எப்போது கறுக்கிறது என்பதும் முக்கியம். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருப்பதால் அழுத்தம் அப்போதுதான் அதிகம். ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் முனையில் ஈரம் தெரிந்தால் ஹோஸின் மூட்டையே சந்தேகப்படலாம். நன்றாகச் சூடேறி ஆயில் நீர்த்த பிறகு மெல்ல வியர்த்தால் ஓ-ரிங்கோ கேஸ்கட்டோ கெட்டித்துப் போயிருக்க வாய்ப்பு அதிகம். இது முடிந்த தீர்ப்பல்ல. அடுத்து எங்கே பார்ப்பது என்பதற்கான வழிகாட்டி.

"இதற்கெல்லாம் யாருக்கு நேரம்? சந்தேகமாக இருந்தால் ஹோஸை மாற்றிப் பார்த்துவிட வேண்டியதுதானே" என்று கேட்கலாம். கழுவிக் காயவைக்க ஒரு காலைப் பொழுது போதும். தவறான பாகத்தை மாற்றினால் காசு போவதோடு, நல்ல நிலையில் இருந்த மூட்டு ஒன்றைக் கழற்றி மாட்டியதில் புதுக் கசிவும் சேரலாம். அலுமினியத்தில் இருக்கும் மரை அடிக்கடி கழற்றுவதைப் பொறுத்துக்கொள்ளாது. இன்னொரு ஆட்சேபம் புல்லட்காரர்களுடையது: "ஆயில் ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம்." நல்ல நகைச்சுவைதான். பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டில் கேஸ்கட் ஓரம் வியர்ப்பதை வைத்து வந்த பேச்சு அது. ஆனால் அதே இன்ஜினில் ராக்கருக்கு ஆயில் கொண்டுபோகும் வெளிக்குழாய் ஒன்று உண்டு. அதில் பம்ப் தள்ளிய ஆயில் ஓடுகிறது. கேஸ்கட்டின் வியர்வை மாதக் கணக்கில் அப்படியே இருக்கலாம். பம்ப் தள்ளும் குழாயில் விரிசல் விட்டால் இன்ஜின் ஓடும்வரை வெளியேறிக்கொண்டே இருக்கும். சூடான பெண்ட் பைப்பில் பட்டால் புகையும். பின் டயரில் பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே ஜோக்கில் அடக்குவது ஆபத்து.

ஹோஸ்தான் என்று உறுதியானால், எந்த இடம் என்று பாருங்கள். ஆயில் ஹோஸ் என்பது வெறும் ரப்பர் குழாய் இல்லை. ஆயிலைத் தாங்கும் உள் ரப்பர், அதன்மேல் நூலோ கம்பியோ பின்னிய அடுக்கு, வெளி உறை என்று மூன்று அடுக்கு. இரு முனைகளிலும் உலோக வளையத்தை நசுக்கிப் பிடித்திருப்பார்கள். வெப்பத்தில் வருடக்கணக்கில் வெந்த ரப்பர் இறுகிச் சுருங்கும்போது, முதலில் பிடி தளர்வது அந்த வளையத்துக்குள்தான். வெளி உறை பளபளப்பாக இருக்கும். வளையத்தின் வாயில் மட்டும் ஈரம் ஊறும். விரலால் மெல்ல வளைத்தால் உறையில் மயிரிழை வெடிப்புகள் தெரியலாம். கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டி என்பது இங்கே நல்ல சாட்சியாகாது. ரப்பருக்கு வயதும் கணக்கு.

கசிவு வளையத்தில் இல்லாமல் இன்ஜினோடு சேரும் பான்ஜோ போல்ட்டில் இருந்தால் ஹோஸை மாற்ற வேண்டியதே இல்லை. இரு பக்கமும் இருக்கும் காப்பர் வாஷர்களை மாற்றினால் போதும். காப்பர் ஒருமுறை நசுங்கியதும் கெட்டிப்பட்டுவிடும். மறுமுறை அதே மென்மையோடு அமராது. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகும் என்பது உண்மைதான். ஆனால் சில ரூபாய் வாஷருக்கு அந்தச் சிக்கனம் எதற்கு? அதைவிட மோசமான சிக்கனம், கசியும் போல்ட்டை இன்னும் இறுக்குவது. பான்ஜோ போல்ட் உள்ளே துளையுள்ளது. திடமான போல்ட்டுக்குக் கொடுக்கும் முறுக்கைக் கொடுத்தால் கழுத்தில் ஒடியும், இல்லையென்றால் மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க் அளவோடு நிறுத்த வேண்டும்.

தற்காலிக வைத்தியங்களில் எனக்கு உடன்பாடு இல்லை. வளையத்துக்கு மேல் கிளாம்ப் போடுவதால் உள்ளே இறுகிய ரப்பர் இளகப்போவதில்லை. கேஸ்கட் பசையை அள்ளி அப்பினால், உள்ளே பிதுங்கிய துணுக்கு ஆயில் வழியை அடைக்கலாம். டெஃப்லான் டேப்பின் கிழிசலும் அப்படியே. பெட்ரோல் டியூப் இந்த வெப்பத்துக்கு ஆனதல்ல. கூலன்ட் ஹோஸும் பிரேக் ஹோஸும் பெரும்பாலும் வேறு வகை ரப்பர். இன்ஜின் ஆயில் பட்டால் ஊதிப்போகும். ஜேசிபிக்கு ஹோஸ் அடித்துத் தரும் கடையில் செய்துகொள்ளலாமே என்பது மட்டும் நியாயமான கேள்வி. அந்த ஹோஸ்கள் நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் தாங்கும். பைக்குக்குச் சில பார் போதும் என்பதால் அழுத்தம் பிரச்சினையே இல்லை. கேட்க வேண்டியது வெப்பத்தை: சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் பலவும் 100 டிகிரி செல்சியஸ் வரைக்கானவை. நெரிசலில் நிற்கும் ஏர் கூல்டு இன்ஜினின் ஆயில் அதைத் தாண்டக்கூடும். அந்த ஹோஸ் விறைப்பாகவும் இருக்கும், கூலரின் மென்மையான அலுமினிய முனையை இழுத்துக்கொண்டே இருக்கும். கம்பெனி ஹோஸ் கிடைக்காத பழைய வண்டிக்கு, அதிக வெப்பம் தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்கிச் செய்வதில் தவறில்லை.

மாற்றும் வேலையை ஆயில் மாற்றும் நாளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் ஆயில் வீணாகாது. கூலர் முனையைக் கழற்றும்போது ஒரு ஸ்பேனரால் கூலர் பக்கத்தை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் முனை முறுக்கி வெடித்து, ஹோஸ் செலவு கூலர் செலவாகிவிடும். திறந்த வாய்களைப் பஞ்சு வேஸ்டால் அடைக்காதீர்கள். நூல் உள்ளே போகும். புது ஓ-ரிங்கில் ஆயில் தடவி உட்காரவைத்து, இரு முனைகளையும் கையால் மாட்டி, ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் பழைய பாதையிலேயே போகிறதா என்று பார்த்த பிறகே இறுக்குங்கள். பெண்ட் பைப்பில் உரசக் கூடாது, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் இழுபடக் கூடாது. இரண்டு ஹோஸில் ஒன்றுதான் கசிகிறது என்றாலும் இரண்டையும் மாற்றுவதே என் பரிந்துரை; இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே வெப்பம். கடைசியில் இன்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் ஓட்டி, நிறுத்தி, ஆயில் கீழே இறங்கியதும் வண்டியை நேராக நிறுத்தி அளவைப் பாருங்கள். காலியான கூலரும் ஹோஸும் நிரம்பியதில் அளவு குறைந்திருக்கும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டியில் பார்த்த அளவை நம்பி மேலே ஊற்றிவிட வேண்டாம்.