லே முதல் போர்ட் பிளேர் வரை: தொலைவும் பறக்கும் நேரமும்

இந்தியாவின் வடகோடியில், இமயத் தொடர்களுக்கு நடுவே லடாக்கில் அமைந்தது லே விமான நிலையம். வங்காள விரிகுடாவிற்கு அப்பால் அந்தமான் தீவில் அமைந்தது போர்ட் பிளேர் விமான நிலையம். அந்நகரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் கணிதத்தால் அறியலாம். அதைக் கடக்கும் நேரத்தை அறியவோ கணிதம் மட்டும் போதாது.

பூமி உருண்டையாதலின், தட்டையான படத்தில் அளவுகோல் வைத்து அளப்பது பிழையாகும். உருண்டையின் மேல் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் வில்லாகும். லேயின் அட்சரேகை வடக்கு 34.1 பாகை, தீர்க்கரேகை கிழக்கு 77.5 பாகை. போர்ட் பிளேருக்கு இவை முறையே 11.6, 92.7 பாகைகள். கோள முக்கோணக் கணிதப்படி இவற்றிற்கு இடைப்பட்ட வில் பூமியின் மையத்தில் ஏறத்தாழ 26.4 பாகைக் கோணத்தைத் தாங்கும். ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம், தொலைவு சுமார் 2,940 கிலோமீட்டர்.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இத்தொலைவைக் கடக்க 3 மணி 40 நிமிடம் ஆகும். மேலெழும்பவும் இறங்கவும் சிறிது நேரம் கூடும். வழி நெடுகிலும் மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று பின்னிருந்து தள்ளுமாயின் 3 மணி 16 நிமிடம் போதும். எதிர்த்து வீசுமாயின் 4 மணி 12 நிமிடம் வேண்டும். குளிர்காலத்தில் வட இந்தியாவின் உயர்வெளியில் மேற்கிலிருந்து வலிய காற்று வீசுவதால், போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

இதனினும் பெரிய தடை லேயின் ஓடுபாதையிலேயே உள்ளது. அது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,250 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 72 விழுக்காடே. ஆகவே, அதே எடையுள்ள விமானம் மேலெழும்ப ஏறத்தாழ 18 விழுக்காடு மிகுதியான வேகம் வேண்டும். எஞ்சினின் உந்துவிசையோ குறைந்துவிடும். வெயில் ஏறினால் காற்று மேலும் இலேசாகும். ஆதலின் லேயில் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே இயங்குகின்றன, சுமையும் குறைக்கப்படுகிறது.

மறுமுனையிலோ எரிபொருள் மிகுதியாக வேண்டும். தீவில் மழையும் முகிலும் சூழ்ந்து இறங்க இயலாவிடின், சென்னைக்குச் செல்லவே சுமார் 1,370 கிலோமீட்டர் பறக்க வேண்டும். ஒரு முனை எடையைக் குறைக்கச் சொல்கிறது. மறுமுனை எரிபொருளைக் கூட்டச் சொல்கிறது.

இம்முரண்பாட்டிற்கு எளிய தீர்வு டில்லியில் இறங்கிச் செல்வதே. அவ்வழியின் நீளம் சுமார் 3,110 கிலோமீட்டர். கூடுவது 170 கிலோமீட்டர், அதாவது 13 நிமிடப் பறப்பு மட்டுமே. டில்லியில் தங்கும் நேரம் இதனினும் மிகுதியாயினும், அங்கு விமானம் தாழ்நிலத்தின் அடர்ந்த காற்றில், வேண்டிய எரிபொருளுடன் மேலெழும்ப முடிகிறது. படத்தில் நேராகத் தோன்றும் வழியே பயணத்திற்கு ஏற்ற வழி என்று கொள்வதற்கில்லை.